மாலைக்கண்ணுக்கு நூறு வாட் வைத்தியம்

அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் நோய்க் கையேடு அவர் மேஜைக்கு வந்தது. எழுத்துப் பிழை அத்தனையையும் பிடித்துவிட்டார். அர்த்தத்தைப் பிடிப்பது அவர் வேலையில்லை. நாளெல்லாம் மெய்ப்பு பார்க்கிறோம், வீட்டில் ஒரு பொய் பார்த்தால் என்ன என்று மட்டும் தோன்றியது.

ராத்திரிப் பாத்திரம் தேய்ப்பது அவர் பங்கு. கல்யாணமான புதிதில், புத்தி மழுங்கியிருந்த ஒரு நேரத்தில் ஒப்புக்கொண்டது.

"எனக்கு மாலைக்கண். பொழுது சாஞ்சா பாத்திரம் எது, குழாய் எதுன்னு தெரியல" என்று மனைவியிடம் அறிவித்தார். டிவி மட்டும் பளிச்சென்று தெரிந்ததை மருத்துவ உலகம்தான் விளக்க வேண்டும்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு நர்சிடம் விசாரித்தாள். வெளிச்சம் மங்கினால்தான் மாலைக்கண்ணுக்குச் சிரமம் என்று தெரிந்ததும், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே நூறு வாட் பல்பு மாட்டினாள். சமையலறை ஆபரேஷன் தியேட்டர் ஆனது.

மறுநாள் அவருக்குக் கண்நீர் அழுத்தம், கிளாக்கோமா என்கிறார்களே அது. ஓரப்பார்வை போய்விட்டதாம், இடப்பக்கம் குவிந்திருக்கும் பாத்திரம் கண்ணிலேயே படவில்லையாம். அவள் குவியலைத் தூக்கி நேர் எதிரே வைத்தாள். அடுத்த நாள் விழித்திரையின் நடுவில் கோளாறு. நேரே பார்த்தால் ஒரே கறுப்பு.

"ஓரமும் போச்சு, நடுவும் போச்சுன்னா மிச்சம் என்னங்க இருக்கு?" என்றாள். குரல் தழுதழுத்தது. அவருக்கே தன் மேல் பரிதாபம் வந்தது.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, அழுத்தம் அளந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஓரப்பார்வை குறைவது ஆரம்பத்தில் நோயாளிக்கே தெரியாது, அதனால்தான் வருஷா வருஷம் சோதிக்கச் சொல்கிறோம். நீங்கள் மட்டும் ஒரே ராத்திரியில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். சொட்டு மருந்தில் அதுவும் மங்கலாகத்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் சரணடைந்தார். ராத்திரிப் பாத்திரத்தை இனி நோய் சொல்லாமல் தேய்ப்பதாகச் சொன்னார். அச்சக முதலாளி காதுக்கு மட்டும் இது போகக் கூடாது, மானம் போய்விடும் என்றார்.

"பொய்னு போய்ச் சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்குங்க. நான் காலையிலயே போன் பண்ணி, பார்வை போச்சுன்னு அழுதுட்டேன். நல்ல மனுஷன். ஒரு மாசம் வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டார்."

அவர் போனை எடுத்தார், மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

"வாங்க, காலைப் பாத்திரம் அப்படியே கிடக்கு. மதியம், ராத்திரியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."