காபியில் குளித்த பந்து

எனக்கு எதையும் பத்திரமாக வைக்கத் தெரியாது. பத்திரமாக வைத்ததைத்தான் உடைத்திருக்கிறேன். அஜாக்கிரதையாகப் போட்டதெல்லாம் இன்னும் வீட்டில் நன்றாகவே இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பாலக்கரை கிளப்பில் ஒரு டேபிள் டென்னிஸ் காட்சி ஆட்டம். ஆட வந்தவர் ரெஜினா. அதே தெருப் பெண். அந்தக் கிளப்பில் ஆண்களோடு மோதிப் பழகி, இந்தியாவுக்காக ஜப்பான், ஸ்வீடன் வரை போய் ஆடியவர். அவருடைய அப்பா ரயில்வே கார்டு. மகள் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று இரண்டு டியூட்டிக்கு நடுவே யூனிபாரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளிடம் தோற்பதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கிளப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல பந்து. செயலாளர் அதை முதல் நாளே என்னிடம் ஒப்படைத்திருந்தார். (“நீதாம்பா பொறுப்பான ஆளு” என்றார். பாவம், ஆளை எடைபோடத் தெரியாத மனிதர்.) ஸ்ரீரங்கத்துக்காரன் பத்திரம் என்றால் எங்கே வைப்பான்? வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பூசணிக்காயோடு நின்றவர் என் இடுப்பில் சாய்ந்தார். ஹாலில் எடுத்துப் பார்த்தால், பந்தில் கட்டைவிரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம்.

“வெந்நீர்ல போட்டா நிமிர்ந்துடும்” என்றார் செயலாளர், அழாத குறையாக. வெந்நீருக்கு எங்கே போவது? விருந்தாளிக்கு வாங்கி வைத்த காபி ஆவி பறக்க இருந்தது. அதில் போட்டேன். பள்ளம் நிமிர்ந்துவிட்டது. பந்து மட்டும் மாநிறமாகிவிட்டது.

“வெள்ளைப் பந்துலதாங்க ஆடணும்” என்று நடுவர் மறுத்தார். கார்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து, “டியூட்டிக்கு இன்னும் இருவது நிமிஷந்தாம்மா இருக்கு” என்றார்.

ரெஜினா பந்தை வாங்கி முகர்ந்தார். “சக்கரை கொஞ்சம் தூக்கல்” என்றார் என்னிடம். பிறகு நடுவரிடம், “சுவரெல்லாம் வெள்ளைங்க. அப்பாவுக்கு இந்தப் பந்துதான் நல்லாத் தெரியும். இதுலயே ஆடறேன்” என்றார்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. (அன்றும் பார்க்கவில்லை. பந்து என்னைத் தாண்டிய பிறகுதான் கண் திரும்பியது.) என் சட்டையெல்லாம் பந்து பட்ட காபிப் பொட்டு. இருபத்தொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் எனக்குக் கிடைத்தவை.

கார்டு எழுந்து மகளின் தலையில் கைவைத்தார். ஸ்டேஷனுக்கு ஓடினார். ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பந்தை நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

அடுத்த முறை ஸ்வீடன் போனபோது அதையும் பையில் கொண்டுபோனதாகச் செயலாளருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கதையை நான் பெருமையாக ஆரம்பிக்கும்போதெல்லாம் என் மனைவி முடித்துவைப்பாள்: “நீங்க பந்தைப் போட்ட காபி ஸ்வீடனுக்கே போயிட்டு வந்துடுத்து. நீங்கதான் இன்னும் திருச்சி ஜங்ஷனைத் தாண்டலை.”