சாயா சிந்தாத படகு

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் சங்கிலிப்பாண்டி அவர்களுக்கு,

மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் நல்லசிவம் எழுதுவது. இங்கே நானும் இசக்கிசெல்வியும் நலம், மழை நலம், கொசுக்கள் எங்களைவிட நலம். உங்கள் புது முழங்கால் பழைய உடம்போடு ஒத்துப்போகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ரிட்டயர் ஆகி இங்கே வந்ததும் ஞாயிறுதோறும் நாம் இருவர் மட்டும் காயலில் பாய்மரப் படகு விடுவது, பொரித்த கரிமீன் தின்பது, வீட்டுப் பேச்சையே எடுக்காமலிருப்பது என்று போன தீபாவளிக்கு மொட்டைமாடியில் சத்தியம் செய்தோமே, அந்தப் படகு கிடைத்துவிட்டது. கிடைப்பது லேசா? உங்களை உட்காரவைத்தால் எழுப்ப ஆள் வேண்டும். நானோ பேனா கீழே விழுந்தால், இன்னொன்றும் விழட்டும், சேர்த்துக் குனியலாம் என்று விட்டுவைக்கிறவன். உங்கள் தங்கையோ, "ரெண்டு பேரும் கவுந்தா கரையில நின்னு அழ எனக்கு நேரமில்ல. ஒரு கிளாஸ் சாயாவோட நான் ஏறி உக்காருவேன். சிந்தலைன்னா வாங்குங்க, சிந்துச்சுன்னா படகுப் பேச்சே கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

வெலிங்டன் தீவுக்கு எதிர்க்கரையில் பழைய படகு விற்கிற சஜி சேட்டனிடம் போனோம். (மூன்றாவது தடவையாகப் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று மாடிவீட்டுக் கமலாக்ஷி சொன்னாள், நமக்கெதற்கு?) முதலில் காட்டியது கத்தி மாதிரி ஒல்லியான படகு. "நல்ல ஸ்பீடு, அண்ணாச்சீ!" என்றார். மனுஷர் பொய் சொல்லவில்லை. சாயாவோடு இவள் முன்னால் ஏறி உட்கார்ந்திருக்க, நான் ஒரு காலை வைத்ததுமே படகு கிளம்பிவிட்டது, மற்றக் கால் படித்துறையிலேயே நிற்க, நடுவில் நான் கவட்டைக் கம்பு மாதிரி விரிந்துகொண்டே போனேன், சாயா என் சட்டையில். அடுத்தது கொஞ்சம் அகலம்தான், ஆனால் பாயின் அடியில் ஒரு குறுக்குக் கழி, படகு திரும்பும்போதெல்லாம் அதுவும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது. "குனிஞ்ஞோ!" என்று சஜி கத்தினார். உங்கள் தங்கை குனிந்தாள், சாயா சஜி சட்டையில். நான் குனியலாமா என்று இடுப்போடு கலந்து பேசுவதற்குள் கழி வந்து நெற்றியை விசாரித்துவிட்டுப் போயிற்று.

"போதும், வீட்டுக்கு வாங்க" என்று இவள் எழுந்துவிட்டாள். நம் ஞாயிறுகள் போச்சு மச்சான் என்று நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றபோதுதான் மூலையில் அதைப் பார்த்தேன். பெயர் அம்பிளி. தாம்பாளம் மாதிரி அகலம், தட்டையான அடி, நாற்காலி உயரத்தில் உட்காரப் பலகை, ஒரே பாய், ஒரே கயிறு, தலையைத் தேடி வருகிற கழி கிடையாது. கயிற்றை விட்டால் அசைபோடும் பசு மாதிரி நின்றுவிடுகிறது. கெஞ்சி இன்னொரு சாயா வாங்கிக் கொடுத்து ஏற்றினேன். தீவுப் பக்கம் போனோம், ஒரு கப்பல் கிளப்பிய அலைகூட வந்தது. அம்பிளி லேசாகத் தலையாட்டியது, அவ்வளவுதான். இசக்கிசெல்வி கடைசி மிடறு குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றாள். அதுதான் தீர்ப்பு! அன்றைக்கே வாங்கி வீட்டுப் பக்கத்துப் படித்துறையில் கட்டிவிட்டேன்.

ஆகவே மூட்டைமுடிச்சோடு கிளம்பி வாருங்கள். இது நம் இருவருக்கு மட்டுமான படகு, எவர் வந்து கெஞ்சினாலும் ஏற்றுவதாயில்லை. உங்கள் வீட்டில் அக்கா பாண்டிச்செல்விக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலை நம் சாமி எண்ணெய் விட்டுக் காக்கட்டும்.

இப்படிக்கு,
படகுக்காரன் நல்லசிவம்

பி.கு.: உறை ஒட்டப் பசை எங்கே என்று கேட்கத் தேடினால் வீட்டில் ஆளைக் காணோம். படித்துறைக்குப் போய்ப் பார்த்தால், அம்பிளியில் சுக்கானைப் பிடித்தபடி உங்கள் தங்கை, கயிற்றைப் பிடித்தபடி கமலாக்ஷி, முறுக்கு டப்பாவைப் பிடித்தபடி சுள்ளிக்கல்லிலிருந்து வந்த அவள் சிநேகிதி ஷபானா. "இவ்ளோ சுலுவா இருக்கே, இதுக்கு எதுக்குங்க ஆம்பளைங்க?" என்கிறாள் உங்கள் தங்கை. இனி ஞாயிறெல்லாம் அவர்களுக்காம். ஆனால் நீங்கள் அவசியம் வர வேண்டுமாம். காற்றடிக்கிற நாளில் நடுவில் அசையாமல் உட்கார ஒரு கனத்த ஆள் வேண்டுமாம். எனக்குக் கிளாஸ் பிடிக்கிற வேலை. இன்றைக்கே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தோம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை மச்சான். சீனிதான் கம்மி.