சத்தம் மட்டும் மேடேறியது

சத்தம்தான் பலம் என்று நம்புகிற வயது ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்தைந்தில் வந்தது. (சிலருக்குப் போவதே இல்லை, எங்கள் சூப்பர்வைசரைக் கேட்டுப் பாருங்கள்.)

அப்போது எனக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா ஓட்டிக் களைத்த பழைய காரை எனக்குத் தந்திருந்தார். அதற்குப் புது எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், போட ஆசைப்பட்டு, வீடியோ பார்த்துப் பார்த்தே நிபுணியாகியிருந்தேன். ஜெலுத்தோங்கில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் மெலிந்த குழாயிலிருந்து என் தொடைப் பருமன் குழாய் வரை வரிசையாகத் தொங்கின.

"சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும்!" என்று ஆகப் பெரியதைக் காட்டினேன்.

"சின்ன இஞ்சின்லா, தங்காச்சி..."

நான் கேட்கவில்லை. அடுப்பு ஊதுகிறவளிடம் ஊதுகுழலுக்குப் பதில் சாக்கடைக் குழாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் என் இஞ்சினுக்கும் ஆனது: சத்தம் கூடி, இழுவை குறைந்தது. சமதரையில் அது தெரியவில்லை. எங்கள் வீடு இருப்பதோ ஆயர் ஈத்தாம் மேட்டின் உச்சியில்.

குழாய் மாற்றிய அந்த வார ஞாயிறு அக்காவைப் பெண் கேட்டு, சுங்கை பாக்காப்பிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, பெரியப்பா மூவரும் கடல் தாண்டி ஃபெர்ரியில் வந்தார்கள். மூவருமே நல்ல உடம்பு. படகுத்துறையிலிருந்து அழைத்துவர நான் என் காரில் போயிருந்தேன்.

மேட்டில் பாதி ஏறியதும் கார் புலியாக உறுமியது, நத்தையாக ஊர்ந்தது, பிறகு நின்றே விட்டது.

"மாமா, நீங்க மட்டும் கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

பெரியப்பா இறங்கினார். கார் அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவும் இறங்கினார். உறுமல் கூடியதே தவிர சக்கரம் நகரவில்லை.

பின் சீட்டில் பட்டுப்புடவை சரசரத்தது. "நானும் இறங்கணுமாம்மா?"

"கொஞ்ச தூரம்தான் அத்தை..."

அவர் இறங்கியதும் கார் பாய்ந்தது! நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் நேரே வீட்டு வாசலுக்கே விட்டுவிட்டேன். சத்தம் கேட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்.

"சம்பந்தியம்மா எங்கடி?"

"பின்னால வர்றாங்கம்மா."

"எந்தக் கார்ல?"

"நடந்து."

உள்ளேயிருந்து அக்கா போட்ட அலறலுக்கு என் எக்ஸாஸ்ட் தோற்றது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

மூவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் இங்கேயே முடிந்தது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லவேளை. நாங்க கேட்டு வந்தது மூத்த பொண்ணைலா."

முதலில் சிரித்தது பெரியப்பா. கடைசியில் சிரித்தது நான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவர்கள் பெண் கேட்டு வந்துபோன மறுவாரமே நான் மெலிந்த குழாய்க்கு மாறியிருந்தேன். ஆனால் யார் காரில் வந்தாலும், மேட்டைக் கண்டதும் அத்தையின் கை இன்றும் கதவுக்குத்தான் போகிறது. போன மாதம், அக்கா புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் அத்தை வந்தார். மேட்டடியில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"அத்தை, இது நல்லா ஏறும், உக்காருங்க!" என்றாள் அக்கா.

"அவ்வளவு சத்தம் போட்டதே ஏறல. இது ஊமையா இருக்கு, எங்கலா ஏறப் போவுது?" என்று இறங்கி நடந்தார்.