கண்மணி இன்ஸ்பெக்டர்

தாம்பரத்துக்குத் தெற்கே எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நுழைந்தாலும் ஒரு ஜீவனை நீங்கள் சந்தித்தே தீரவேண்டும். லிஃப்டுக்குக் காத்திருப்பீர்கள், பக்கத்தில் வந்து நிற்கும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்போன் டார்ச்சை உங்கள் கண்ணில் அடிக்கும். கண்மணி இன்ஸ்பெக்டர் என்னும் இனம் இதுதான். மருத்துவம் படித்ததா? சேச்சே! ஒரு வாட்ஸ்அப் வீடியோ பார்த்திருக்கிறது. அதுவும் முக்கால்வாசி.

எங்கள் பெருங்களத்தூர் குடியிருப்பில் இந்த இனத்தின் பிரதிநிதி வேதசிரோமணி. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். பேரிங்குகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று முடியளவு வித்தியாசம் இருந்தாலும் தூக்கிக் கழிவுக் கூடையில் போடுவது அவர் பிழைப்பு. அப்படிப்பட்ட மனிதரிடம், கருவிழியின் நடுவே இருக்கிற கறுப்பு வட்டம், அதாவது கண்மணி, ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் இருந்தால் ஆபத்து என்ற செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலைதான்.

பால் வாங்கப் போனவர்கள், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர்கள், பொங்கல் கூட்டத்தில் பஸ் பிடிக்கப் பையும் பிள்ளையுமாக ஓடியவர்கள், நான்காவது மாடிக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் என ஒருவர் பாக்கியில்லாமல் நிறுத்தி, டார்ச் அடித்து, "ரெண்டும் ஓகே, போலாம்" என்று அனுப்பினார். போன மாப்பிள்ளை போனவர்தான். நல்ல சம்பந்தம், கெட்டது.

கடைசியில் சிக்கினார் தையல்நாயகி அக்கா. எங்கள் குடியிருப்பு நிற்கிற மண்ணே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். இப்போது கீழ்த்தளத்தில் பெயிண்ட், குழாய் வியாபாரம். குரல் எழுப்பினால் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்கும்.

"அக்கா, அசையாதீங்க. லெஃப்ட் பெரிசு, ரைட் சின்னது. ரிஜெக்ட்!"

"இன்னா சார் சொல்ற? எனுக்கு வலி கிலி ஒண்ணும் கெடையாதே!"

"வலி இல்லேன்னாத்தான் டேஞ்சரே. மூளை விஷயம்க்கா."

"அய்யோ, சாமீ!"

கடை ஷட்டர் இறங்கியது. அக்கா நேராகத் தன் ஓரகத்தி கன்னியம்மா வீட்டுக்குப் போனார். மதில் சுவர் தகராறில் ஆண்டுக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தி! "போற நேரத்துல இன்னாடி பகை?" என்று கட்டிப்பிடித்து அழுதார். அவரும் அழுதார். சுவர் போகட்டும், சுவரோரத்து மாமரத்தையும் நீயே வைத்துக்கொள் என்று தாரை வார்த்துவிட்டு, குரோம்பேட்டை கண் டாக்டரிடம் கிளம்பினார். துணைக்கு நான்.

டாக்டர் மிருதுளா பார்த்தார், விளக்கடித்தார், விரலை இங்கும் அங்கும் ஆட்டினார். "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார். அக்காவின் போனில் கல்யாணப் படம் இருந்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாருங்க, அப்பவே லெஃப்ட் கொஞ்சம் பெரிசு. ரெண்டும் வெளிச்சத்துல நல்லா சுருங்குது. இமை தொங்கல, பார்வையும் சரியா இருக்கு. நிறைய பேருக்கு இப்படி இயற்கையாவே இருக்கும்மா, பயமே வேண்டாம். ஆனா இது திடீர்னு புதுசா வந்தா, இல்ல கூடவே பயங்கர தலைவலி, இமை தொங்கறது, ஒண்ணு ரெண்டாத் தெரியறது, தலையில அடிபட்டதுன்னு ஏதாவது இருந்தா, யோசிக்காம எமர்ஜென்சிக்கு ஓடணும். புரியுதா?"

வெளியே வந்ததும் அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். "நல்ல சேதிதான் சார். ஆனா அந்தக் கன்னியம்மாகிட்ட போயி ராசியாயிட்டேனே! மாமரமும் போச்சு. ஒரே பேஜாரா கீது!"

இன்ஸ்பெக்டர் திருந்தினாரா? கேட்கிறீர்களே! "டாக்டருங்க இதெல்லாம் சும்மா பாஸ் பண்ணி விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் கண்ணில் டார்ச் அடிக்கப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. அக்கா கடை வாசலில் வந்து நின்றார் வேதசிரோமணி. தலையைக் கையில் தாங்கியிருந்தார். இடது இமை பாதி இறங்கிய ஷட்டர் மாதிரி தொங்கியது. தனியாக நின்ற எனக்கு, "என்ன, ரெண்டு பேருமா வந்திருக்கீங்க?" என்று வணக்கம் வைத்தார். பின்னாலேயே அவர் மனைவி எப்சி ஓடிவந்தார்.

"காலையில திடீர்னு தலை வெடிக்குதுன்னு கத்தினார்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார்."

"ஒண்ணுமில்ல எப்சி. நைட் ஷிஃப்ட் அசதி. தைலம் தேய்ச்சா போயிடும்."

ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவர் தன் கண்ணைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? டார்ச் போனின் பின்பக்கம், திரை முன்பக்கம்!

அக்கா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். வேதசிரோமணியின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, தொங்கிய இமையை விரலால் தூக்கினார்.

"யம்மாடி! இந்தக் கண்ணு மணி அத்தாம் பெரிசா கீது. நேத்து இப்படி இல்லியே. சார், டாக்டரம்மா இதத்தான் சொல்லிச்சு. ஏறு வண்டில!"

"அக்கா, ராத்திரி எனக்கு டியூட்டி..."

"டியூட்டியாம் டியூட்டி! இப்ப நீதான்யா ரிஜெக்ட்டு, ஏறு!"

பெயிண்ட் டப்பா ஏற்ற வந்த லோடு ஆட்டோவில் அவரை ஏற்றினோம். இதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான், உண்மையைச் சொல்கிறேன், சிரிப்பை விட்டுவிட்டு அவர் தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன். எப்சி வழியெல்லாம் ஜெபம் செய்துகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் ரத்தக்குழாய் ஒன்று புடைத்து, கண்ணுக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்ததாம். அன்றே சிகிச்சை. "சாயங்காலம் வரைக்கும் தைலம் தேய்ச்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், எப்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மனிதர் பிழைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, போங்கள்.

இனி உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கிறபோதே எதிரில் இருப்பவர் கண்ணை ஒரு தடவை உற்றுப் பார்த்தீர்களா இல்லையா? பார்த்தீர்கள். பரவாயில்லை, மன்னித்தேன். ஆனால் காலையிலிருந்து நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறீர்களே, "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று வீட்டில் கேட்டதற்கு என்ன சொல்லி அனுப்பினீர்கள்?

"ஒண்ணுமில்ல" என்றுதானே?