இமைக்காத டாக்டர்

ஒரு காட்டில் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்று இருந்தது. கால் முறிந்தால் கட்டுப் போடுவார்கள். முள் தைத்தால் எடுப்பார்கள். மனம் சரியில்லை என்று வந்தால் மட்டும் மூலைக் கட்டிலில் படுக்க வைத்துக் காத்திருக்கச் சொல்வார்கள். மனநல மருத்துவரான ஆந்தை மூன்று மலை தாண்டி இருந்தார். மாதம் ஒருமுறைதான் வருவார்.

பூங்கொடி என்ற புள்ளிமான் அந்தக் கட்டிலுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. புலி துரத்தியதிலிருந்து அது ஒரு புல்லைக்கூடத் தின்னவில்லை. ஈசிஜி சரியாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் அதுவும் சரியாக இருக்காது என்று டியூட்டி டாக்டர் கரடி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நிர்வாகம் ஒரு டேப்லெட் அனுப்பியது. இனி ஆந்தை திரையிலேயே நோயாளிகளைப் பார்ப்பாராம். கொக்கு சிஸ்டர் அதைக் குளுக்கோஸ் ஸ்டாண்டில் கட்டி மானின் முன்னால் நிறுத்தினார்.

"சொல்லும்மா," என்றார் ஆந்தை.

அதோடு சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிட்டது. ஆந்தை எப்போதுமே இமைக்காமல் பார்ப்பவர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மான் முதலில் புலியைப் பற்றிச் சொன்னது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. பிறகு தங்கையைப் பற்றிச் சொன்னது. கூடவே ஓடிவந்தவள், ஓடையில் வழுக்கி விழுந்தவள், பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நான் திரும்பிப் பாக்கல டாக்டர். ஓடிட்டேன். அது தப்பா?"

ஆந்தை அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்," என்றது மான். பிறகு நெடுநேரம் அழுதது. அழுது முடித்து, பக்கத்துக் கட்டில் முயலின் தட்டிலிருந்து கொஞ்சம் புல் எடுத்துத் தின்றது. முயல் பார்த்தும் பார்க்காதது போல் படுத்திருந்தது.

சிக்னல் வந்தது. "ஹலோ, கேக்குதா? சொல்லும்மா, என்ன பிரச்சினை?"

"பாத்து முடிச்சாச்சு டாக்டர். கையெழுத்து மட்டும் போடுங்க," என்றார் கொக்கு சிஸ்டர்.

மான் தேறியதில் மகிழ்ந்துபோன நிர்வாகம் வார்டுக்குப் புது மோடம் வாங்கித் தந்தது. அதன்பின் சிக்னல் போகவே இல்லை. ஆந்தை ஒவ்வொருவரிடமும் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டு, நான்கே நிமிடத்தில் மாத்திரை எழுதினார். வீட்டுக்குப் போனவர்கள் மறுநாளே மூலைக் கட்டிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

கொக்கு சிஸ்டர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "சொல்லும்மா" என்று காதில் விழுந்ததும் அலகால் மோடத்தின் வயரைப் பிடுங்கப் பழகிக்கொண்டார்.

நீதி: மனநல மருத்துவருக்கு வேண்டிய தகுதிகள் இரண்டு. அகலமான கண்கள், மோசமான சிக்னல்.