நுரை வராத சனிக்கிழமை

வேலுமணி குழாயின் கைப்பிடியை முன்னால் இழுத்தார். பீர் வரவில்லை; நுரை வந்தது. மகேந்திரராசா பிடித்திருந்த தம்ளர் நிரம்பி, அவருடைய முழங்கை வழியாக வடிந்து, கராஜ் தரையில் சொட்டியது.

"தம்பி, இது பீரோ, ஷேவிங் கிரீமோ?"

வேலுமணிக்கு வியர்த்தது. ஆறு வாரமாகத் தானே காய்ச்சி, புளிக்கவைத்து, ஐந்து கேலன் எஃகுப் பீப்பாயில் அடைத்த பீர். கராஜில் இருந்த இரண்டாவது ஃப்ரிட்ஜுக்குள் பீப்பாயையும் பீரை வெளியே தள்ளும் காஸ் சிலிண்டரையும் நிறுத்தி, கதவில் துளை போட்டு, பீப்பாயிலிருந்து ட்யூப் இழுத்துக் குழாய் மாட்டியிருந்தார். தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் என்று மனைவி சாரதா வாங்கிய ஃப்ரிட்ஜ் அது. துளை விவரம் அவளுக்கு இன்னும் தெரியாது.

சாரதா எட்டு மாதமாக அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்தில், பிளெய்ன்ஸ்பரோவில், மகள் பிரீத்தியின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே ஆலனில், நான்கு படுக்கையறை வீட்டில், வேலுமணி மட்டும். கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னத்தையோ காய்ச்சுங்க, குடிங்க. தனியா உக்காந்து மட்டும் குடிக்காதீங்க. எங்கப்பா அப்படித்தான் போனாரு."

தன் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

பீர் தயாரானபோது புரட்டாசி பிறந்துவிட்டது. கூடக் குடிக்க நண்பர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். "சனிக்கிழமையாங்ணா? புரட்டாசிங்க" என்றான் தீபக். ஐப்பசியில் கதிருக்குச் சஷ்டி விரதம். கார்த்திகையில் மொத்த வாட்ஸ்அப் குழுவும் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடும். காலண்டரைப் பார்க்காமல் பீர் காய்ச்சினால் இதுதான் கதி.

அதனால்தான், சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்கக் கிளம்பிய எதிர்வீட்டு மகேந்திரராசாவைக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற டாக்டர். அதற்கு மேல் தெரியாது. இரண்டு வருடமாகக் கையசைப்புதான்.

மகேந்திரராசா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குனிந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலிண்டரை வெகுநேரம் பார்த்தார்.

"காஸ் காணாது எண்டு நினைக்கிறன். கொஞ்சம் கூட்டி விடுங்கோ. வாற சனி வந்து பாக்கிறன்."

கூட்டினார். அடுத்த சனிக்கிழமை, கைப்பிடியைத் தொட்டதும் நுரை எதிர்ச்சுவரில் போய் அடித்தது.

"குளிர் கூடிப்போச்சு, தம்பி. ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் குறைப்பம்."

குறைத்தார். மூன்றாவது சனிக்கிழமை இருவரும் தலைதுவட்ட வேண்டியிருந்தது.

"ட்யூப் நீளம். அதுதான் பிழை. வெட்டுங்கோ."

வெட்டினார். நான்காவது சனிக்கிழமை, நுரை மகேந்திரராசாவின் மூக்குக்கண்ணாடியையே கழற்றிக்கொண்டு போனது.

ஒரு தம்ளர் நுரை அடங்கி மூன்று விரல்கடை பீர் ஆக அரை மணி நேரம் பிடித்தது. மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு அபூர்வம். ஒருநாள், "வீட்ல அம்மா இல்லீங்களா?" என்று கேட்டார் வேலுமணி.

"மனிசி போய் நாலு வருஷம்."

வேலுமணி பேச்சை மாற்றினார்.

"ஆஸ்பத்திரில நாள் பூரா பேசிட்டே இருந்திருப்பீங்க, இல்லீங்களா?"

"எங்க தம்பி? நான் கதைக்கத் தொடங்கினா ஆக்கள் நித்திரையாகிடுவினம்."

வேலுமணி சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

அப்போது சாரதா போன் செய்தாள். "தனியாவா இருக்கீங்க?"

"இல்ல, டாக்டர் இருக்காரு. பீர்தான் இன்னும் வரல."

"பீர் வராம ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"காத்துட்டிருக்கறோம்."

அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு பெரிய மனுஷரை எத்தனை வாரம் நுரையைக் குடிக்க வைப்பது? பீர் சாமான் விற்கும் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் இரண்டே கேள்வி கேட்டாள். பீப்பாயில் ஏறியிருக்கும் காஸை வெளியேற்று, பாதியாகக் குறைத்து வை, ஃப்ரிட்ஜை நன்றாகக் குளிரவிடு, பத்தடி ட்யூப் போடு என்றாள். "நீங்கள் செய்த மூன்றும் நேர்த் தலைகீழ்" என்று சிரித்துக்கொண்டே ட்யூபைச் சுருட்டிக் கொடுத்தாள்.

ஐந்தாவது சனிக்கிழமை, வேலுமணி கைப்பிடியை இழுத்தார். தேன் நிறத்தில் பீர் இறங்கியது. மேலே இரண்டு விரல்கடை நுரை, வரைந்து வைத்தது போல.

"பாத்தீங்களா, டாக்டர்!"

மகேந்திரராசா தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவா இருக்கு" என்றார் கடைசியில்.

பத்து நிமிடத்தில் குடித்து முடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "இனி எனக்கு இஞ்ச வேலையில்லை, என்ன?" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அவர் வரவில்லை. வேலுமணி தம்ளரோடு குழாயின் முன்னால் நின்றார். கைப்பிடியில் கை வைத்தார். சாரதாவின் தலை ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டார். ஃப்ரிட்ஜ் மட்டும் சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமையும் அவர் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திரை மட்டும் நான்கு மணிக்கு ஒருமுறை விலகி மூடியது.

குறையே இல்லாத பீர், நாற்பது தம்ளருக்குக் குறையாமல். கூடக் குடிக்க ஒரு ஆள் இல்லை.

வேலுமணி சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். பத்தடி ட்யூபை இரண்டடியாக வெட்டி மாட்டினார். காஸைத் திருகிக் கூட்டினார். கைப்பிடியை இழுத்தார். சீறிக்கொண்டு வந்த நுரை சட்டையை நனைத்துச் செருப்புவரை இறங்கியது. மனசு லேசாகிவிட்டது. அப்படியே தெருவைக் கடந்து போய் மணியை அடித்தார்.

மகேந்திரராசாவின் மகள் பவதாரணி கதவைத் திறந்தாள்.

"அப்பா இருக்காராம்மா? மறுபடியும் நுரைதாம்மா. என்னால முடியல. அவரு வந்து பார்த்தாத்தான் ஆகும்."

உள்ளே யாரோ அவசரமாக ஷூ மாட்டும் சத்தம் கேட்டது.

பவதாரணி சொட்டும் சட்டையையும் வேலுமணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் சரி வரேல்லையா, அங்கிள்? அப்பா முப்பத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில மயக்க மருந்து டொக்டர். காஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டே செட் பண்ணுவாரே!"