சொல்லாமல் எழுந்து வந்த விருந்து

அருப்புக்கோட்டை,
ஐப்பசி 12.

மதிப்பிற்குரிய பொன்ராஜ் மச்சான் அவர்களுக்கு, சௌந்தரபாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை கஸ்தூரியும் சுகம். திருச்சுழிப் பக்கம் மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று கஸ்தூரி சொன்னதால் இந்தக் கடிதம்.

நம் நவநீதன் என்னோடு பேசிப் பதினோரு நாளாகிறது. அவனுக்குக் கணையத்தில் கட்டி என்பதும், பொங்கலைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்ததும் தாங்கள் அறிந்ததே. இனி அவர் எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்றும் சொல்லிவிட்டாராம். பிரான்சில் வேலை பார்க்கும் அவன் மகன் ஆனந்தகுமார் லீவு போட்டு வந்தவன், அப்பாவுக்கும் கூட்டாளிகளுக்கும் அந்த ஊர் விருந்து வைத்தே தீருவேன் என்று என்னையும் தங்கபாண்டியையும் சேர்த்துக் காரில் அள்ளிப்போட்டு மதுரையில் ஒரு பிரெஞ்சு ஓட்டலுக்குக் கொண்டுபோனான், அங்கே சிவப்பு ஒயின் மூன்று பாட்டில், மூன்றும் பிரான்சில் வேறு வேறு ஊராம், பரிமாறுகிறவர் ருசி பார்க்கச் சொல்லி தங்கபாண்டியின் கிளாசில் இரண்டு ஸ்பூன் ஊற்றிவிட்டு ஒதுங்கி நிற்க, "என்ன தம்பி, தீர்த்தமா குடுக்கீக? நெறைய ஊத்துங்க" என்று கேட்டு வாங்கி, அதில் சோடாவை வேறு கலந்துவிட்டான், ஆனந்தகுமாரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று பையன் கேட்டதற்கு நாங்கள் இருவரும் "அருமை" என்று புளுகினோம். நவநீதன் மட்டும், "தொவர்க்குதுப்பா, நல்லா இல்ல. நீ வாங்கிக் குடுத்தேன்னு குடிக்கேன்" என்றான். பருத்தி புரோக்கராக இருந்த காலத்திலேயே, வாங்க வந்தவனிடம் "இது ஈரப் பஞ்சு" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவன்தானே!

மூன்றாவது பாட்டிலில் வினை வந்தது. மேசையில் வெள்ளை விரிப்பு, நடுவில் ஒற்றை விளக்கு, சுற்றிலும் எல்லாரும் குசுகுசுவென்றே பேசுகிறார்கள், நவநீதன் தட்டைத் தொடாமல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். எனக்குத் தலை கிறுகிறுத்தது, எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. மடியில் விரித்த துணியை உதறித் தோளில் போட்டேன், எழுந்தேன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்துவிட்டேன். நம்மூரில் 'போயிட்டு வாரேன்' சொல்லாமல் எழுந்து வருவது எந்த வீட்டில் மச்சான்? எழவு விழுந்த கேத வீட்டில்தானே!

"ஏலே சௌந்தரம், நான் இன்னும் இருக்கேம்லே" என்று பின்னாலிருந்து நவநீதன் குரல் வந்தது. தங்கபாண்டி சிரித்தான், சிரித்துவிட்டு அழுதான்.

அன்றிலிருந்து போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் அவன் மனைவி வாசலிலேயே, "தூங்குறாகண்ணே" என்கிறது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். இந்தக் கோபத்தோடே அவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? தங்கள் பேச்சை அவன் தட்டமாட்டான். கார்த்திகை கழித்துத் தங்கள் சௌகரியப்படி ஒரு நடை வந்து எங்களைச் சேர்த்துவைக்க வேண்டும்.

மாரீஸ்வரி அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் சளித்தொல்லை நீங்கி நன்றாக இருக்கட்டும்.

தங்கள்,
சௌந்தரபாண்டியன்.

பி.கு.: கவரை ஒட்டுமுன் நவநீதனே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டான். என்னைத் திட்டினான், காபி கேட்டான், பாதி குடித்தான். தங்கபாண்டியின் சோடாவை நினைத்து நினைத்து இருவரும் சிரித்தோம். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தான். "ஏலே, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போலே" என்றேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான், சொல்லவில்லை. பழிக்குப் பழி வாங்குகிறான் என்று நானும் சிரித்தேன். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான், அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்கு உறைத்தது. மச்சான், சேர்த்துவைக்க ஒன்றும் இல்லை. கார்த்திகை கழியும்வரை பொறுக்க வேண்டாம், கடிதம் கண்டதும் பஸ் ஏறுங்கள்.